போட்டோதெரபி லைட்டும் ஒரு போன் ஆப்பும்

ஆஸ்பத்திரிக் கருவிகளுக்கு சர்வீஸ் பார்ப்பது என் தொழில். மெஷின்கள் என்னைப் படுத்தியது குறைவு. மனிதர்கள்தான் உயிரை வாங்குவார்கள்.

அன்று போத்தனூர்ப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து காலையிலேயே அழைப்பு. மஞ்சள் காமாலை வந்த பச்சைக் குழந்தைகளுக்கு வைக்கும் போட்டோதெரபி லைட் சரியில்லையாம். முந்தின நாள்தான் அதைச் சோதித்துவிட்டு வந்திருந்தேன். எரிச்சலோடு போய் மறுபடி அளந்தேன். நீல வெளிச்சம் வேண்டிய அளவு இருந்தது.

நர்ஸ் ஸ்டெல்லா நம்பவில்லை. “இந்தக் கொழந்தைக்குக் காமாலை அளவு, பிலிருபின், இறங்கவே இல்லீங்க சார். இன்னும் ஏறுனா ரத்தம் மாத்தோணும்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு.”

ஸ்டெல்லா அந்தப் பக்கம் போனதுதான் தாமதம், அங்கே நின்றிருந்த குழந்தையின் அப்பா தொட்டிலைச் சுவரோரம் தள்ளினார். வெளிச்சம் பாதிக்கு மேல் தரையில் விழுந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏனுங்க, என்ன பண்றீங்க?”

“லைட்டுல கரண்டு அலை வீசுதுங்க. நான் மோட்டாருக்குக் காயில் கட்டுறவன், எனக்குத் தெரியாதுங்களா? இதப் பாருங்க.” போனை நீட்டினார். அவர் மச்சான் அனுப்பிய, காந்த அலையை அளக்கும் ஆப். முள் சிவப்பில் நின்றது.

பையிலிருந்து என் காந்த அலை மீட்டரை எடுத்துக் காட்டினேன். பவர் சப்ளை பெட்டியை ஒட்டி வைத்தால் கொஞ்சம் ஏறியது. குழந்தை படுக்கும் இடத்தில் அடங்கிவிட்டது.

“உங்க மீட்டர் உங்களுக்குச் சாதகமாத்தானுங்க காட்டும்.”

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. தொட்டிலை லைட்டுக்கடியில் இழுத்துவிட்டு, அவரை வாசல் வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனேன். அங்கே லைட்டும் இல்லை, ஒயரும் இல்லை. முள் அதே சிவப்பில். போனை வாங்கித் தோல் கவரைக் கழற்றினேன். முள் பொத்தென்று விழுந்தது. கவரை மூடுவதற்காக வைத்திருந்த காந்தத்தைத்தான் ஆப் இத்தனை நேரமும் அளந்திருக்கிறது.

“காயில் கட்டுறவருக்குக் காந்தம் தெரியலீங்களா?”

அவர் கண் கலங்கிவிட்டது. “கல்யாணமாகி ரொம்ப வருசங் கழிச்சுப் பொறந்ததுங்க. பயமா இருந்துச்சுங்க.”

கேட்டிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

மறுநாள் ஸ்டெல்லா கூப்பிட்டார். “இறங்கிருச்சுங்க சார். ரத்தம் மாத்த வேண்டியதில்லீங்க. ஆனா இப்ப அவரு தொட்டில் சக்கரத்துக்குச் செங்கல் வெச்சுப்போட்டாருங்க. கூட்டித் தொடைக்கக்கூட நகத்த உடமாட்டேங்கறாரு!”

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களே, லைட்டை மாட்டும் அன்றைக்கே பெற்றவர்கள் கண்முன் அளந்து காட்டிவிடுங்கள். பயந்துபோன அப்பா நம்மிடம் வந்து கேட்க மாட்டார். தொட்டிலைத்தான் நகர்த்துவார்.