சுற்றிப் போகாத கார்

மனோன்மணி என்ற என் மாணவியின் படிப்பு நின்றுபோனதற்கு நான் சொன்ன ஒரு பொய்தான் காரணம். அந்தப் பொய்யைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் அமெரிக்காவுக்கு வந்திருக்கவே முடியாது. வயதாகிவிட்டது. இனி இதை நயமாகச் சொல்வதில் பொருளில்லை.

நான் வேலைபார்த்து ஓய்வுபெற்ற சின்னத் தனியார் பல்கலைக்கழகத்தைச் சுற்றித்தான் இந்த ஊரே இருக்கிறது. கோடை விடுமுறை முடிந்து வகுப்புகள் தொடங்கும் வாரத்தில் எங்கள் தெருவின் இரண்டு முனையிலும் மரப்பலகை வைத்து மறித்துவிடுவார்கள். நடுத்தெருவில் மேஜைகளைப் போட்டு, ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவந்து, ஆசிரியர்களும் மாணவர்களும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். நான் வந்த முதல் வருடம், பல்கலைக்கழகத் தலைவரின் கார் வந்து பலகைக்கு முன்னால் நின்றது. யாராவது ஓடிப்போய் வழிவிடுவார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நான் ஓடிப்போய்ப் பலகையைத் தூக்கினேன். அவர் "வேண்டாம், வேண்டாம்" என்று கையை ஆட்டிவிட்டு, காரை ஓரமாக நிறுத்தி, கையில் ஒரு சாலட் பாத்திரத்தோடு நடந்து வந்தார். நான் பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். பக்கத்து வீட்டு அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, முதுகு பிடித்துக்கொண்டதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உள்ளே போய் ஐஸ் பொட்டலம் எடுத்துவந்து கொடுத்தாள். அன்று மாலை முழுவதும் வலியில்லாத முதுகில் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அறுபதுகளின் பிற்பகுதியில் பெரிய காஞ்சிபுரத்தில், பட்டு வியாபாரிகள் சிலர் சேர்ந்து நடத்திய ஒரு சிறிய கல்லூரியில் நான் பொருளாதார விரிவுரையாளராக இருந்தேன். அமெரிக்காவிலுள்ள இந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியர் வருவதாக இருந்தது. எங்களில் ஒருவரை மேல்படிப்புக்குத் தேர்ந்தெடுத்துச் செல்வாராம். அவரை விடுதியிலிருந்து கல்லூரிக்கு அழைத்துவரும் பொறுப்பு எனக்குக் கிடைத்தபோது, இடமே கிடைத்துவிட்டதுபோல் மகிழ்ந்தேன். கிளம்பத் தாமதமாகிவிட்டது. கல்லூரி வாசலில் மாலையும் மேளமுமாகக் காத்திருந்தார்கள். பெரிய சாலை சுற்று வழி என்பதால், நெசவாளர் தெரு வழியாகக் காரை விடச் சொன்னேன்.

தெருவில் பாவு போட்டிருந்தார்கள். தறியில் ஏறப்போகும் பட்டிழைகளைத் தெரு நீளத்துக்கு மூங்கில் கால்களின்மேல் நீட்டிக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை. அது காயும்வரை அந்தத் தெருவில் யார் வந்தாலும் சுற்றித்தான் போக வேண்டும். இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், எனக்கும் தெரியும்.

பாவு என் மாணவி மனோன்மணியின் வீட்டுடையது. அந்தத் தெருவிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பெண் அவள். வரவேற்பில் பன்னீர் தெளிப்பதற்காக நல்ல புடவை கட்டிக்கொண்டு அப்போதுதான் வாசலுக்கு வந்தாள்.

"அப்பாகிட்ட சொல்லி இத கொஞ்சம் எறக்கச் சொல்லும்மா. விருந்தாளி வந்திருக்காரு" என்றேன்.

தெருக்கோடிக்கு ஓடிப்போய்த் திரும்பி வந்தாள். "முடியாதாம் சார். இப்பத்தான் கஞ்சி போட்டுக்கினு இருக்காங்க. ஈரத்துல எறக்கினா இழையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். சுத்திக்கினு போகச் சொல்றாரு."

அவள் அப்பா கந்தசாமி அங்கிருந்தே கத்தினார். "கலெக்டரே இங்க சுத்திக்கினுதாம்பா போவாரு! உன் வெள்ளக்காரரு என்னா, ஏகாம்பரநாதர் தேரா?"

தெருவே சிரித்தது. அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது. பேராசிரியர் கதவைப் பாதி திறந்து, "நாம் நடந்து போகலாமே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். விருந்தாளியைப் புழுதியில் நடக்க வைத்தால் என் இடம் போய்விடும் என்று பயந்தேன். "ஒரு சிரமமும் இல்லை, சார்" என்று கதவை மூடினேன். டிரைவரும் நானுமாக இந்த முனையின் கயிற்றை அவிழ்த்து, மூங்கில் கால்களைச் சாய்த்தோம். ஈரப் பட்டு சரிந்து மண்ணில் விழுந்தது. அதை ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டுக் காரை நகர்த்தினோம். கந்தசாமி கையில் கஞ்சியோடு பின்னால் ஓடிவந்தார். பேராசிரியர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மாலையில் தெருக்காரர்கள் கல்லூரிக்கு வந்து நியாயம் கேட்டார்கள். தாளாளர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். பேராசிரியர் அடுத்த அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணுதான் சார், எங்கப்பா சரின்னுட்டாருன்னு வந்து சொல்லிச்சு" என்றேன்.

மறுநாளிலிருந்து மனோன்மணி வகுப்புக்கு வரவில்லை. ஒரே ஒரு முறை ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். கன்னம் வீங்கியிருந்தது. "நான் அப்படிச் சொல்லலையே சார். அப்பாகிட்ட ஒரு வார்த்த வந்து சொல்லுங்க சார். இல்லன்னா என்னை இனிமே அனுப்ப மாட்டாரு" என்றாள். எனக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு அவளைக் கடந்து போனேன். அந்த வருடமே விமானம் ஏறினேன்.

இங்கே வந்ததும் பேராசிரியர் தம்மை ரால்ஃப் என்று பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். அது என் வாயில் நுழையவே பல மாதங்கள் ஆயின. ஒரு நாள் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நடந்ததைச் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "எனக்கு நிஜமாகவே நடக்க ஆசையாக இருந்தது. நான் அந்தத் தெருவைப் பார்ப்பது உனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன்" என்றார். பிறகு, நான் ஆறுதல் தேடுகிறேன் என்று எண்ணி, அப்போது எனக்குச் சின்ன வயது, என்னை நானே மன்னித்துவிட வேண்டும் என்றார். அவர் மனைவி என் தட்டில் இன்னொரு துண்டு ஆப்பிள் பை வைத்தாள். இந்த நாட்டில் மன்னிப்பு இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

எழுபதுகளின் நடுவில் விடுப்பில் ஊருக்குப் போனேன். மனோன்மணியைப் பக்கத்திலுள்ள ஐயம்பேட்டையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். இடுப்பில் குழந்தையோடு வாசலிலேயே நின்று பேசினாள். உட்காரச் சொல்லவில்லை. பிரைவேட்டாகப் பரீட்சை எழுதலாம், எல்லா ஏற்பாடும் நான் செய்கிறேன் என்றேன்.

"பி.ஏ. முடிச்சு, தோ கட்டியிருக்குது பாருங்க எரும, அதுக்குச் சொல்லித் தரவா சார்?" என்று சிரித்தாள். சிரிப்பு சட்டென்று நின்றது. "அப்பா அன்னையிலேர்ந்து எங்கூடப் பேசறதில்ல. என் கல்யாணத்துலகூட பேசல. எங்க தெருவுல, எல்லாரும் இருக்கும்போது, அவர்கிட்ட உண்மையச் சொல்லுங்க. வேற எதுவும் வேணாம்."

அதற்கும் எனக்கு உடனே துணிவு வரவில்லை. தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, கடைசியில் விமானத்துக்குக் கிளம்பும் நாள் காலையில்தான் போனேன். டாக்ஸியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு வரச் சொல்லிவிட்டு, நான் முன்னால் நடந்தேன். தெருவில் பாவு போட்டிருந்தார்கள். கட்டை இன்னும் ஊன்றாததால் முனைக் கயிற்றைக் கந்தசாமி கையில் இழுத்துப் பிடித்திருந்தார். தலை நரைத்திருந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். உங்கள் பெண் முடியாது என்றுதான் சொன்னாள், பாவை இறக்கியது நான், பொய் சொன்னதும் நான்.

கஞ்சி தடவிக்கொண்டிருந்த கைகள் நின்றன. அவர் என்னைத் திட்டுவார், அடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"அவ அன்னிக்கே சொன்னா" என்றார். "கால்ல வுழுந்து சொன்னா. வாத்தியாரு பொய் சொல்வாராடின்னு கேட்டு அடிச்சேன்."

கயிற்றை என் கையில் திணித்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார். ஐயம்பேட்டைக்குப் போய் மகள் வீட்டு வாசலில் வெகுநேரம் நின்றாராம். அவள் "சாப்பிட்டீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டாளாம். அவர் சாகும்வரை போக்குவரத்து இருந்ததாம். அந்தப் படிப்பைப் பற்றி மட்டும் இருவரும் ஒருநாளும் பேசிக்கொள்ளவில்லையாம். இதெல்லாம் பின்னால் பிறர் சொல்லிக் கேட்டது.

அந்தக் காலையில் நான் கயிற்றை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்திலிருந்த ஒருவர், "வுட்டுடாதீங்க சார், ஈரமா இருக்குது" என்றார். தெருவின் அந்த முனையில் என் டாக்ஸி வந்து நின்று ஹாரன் அடித்தது.

"பாவு போட்டிருக்குது, கண்ணு தெரியல? சுத்திக்கினு வாப்பா!" என்று யாரோ கத்தினார்கள்.

"சாருக்கு ஏரோப்ளேனுக்கு நேரமாவுதுபா!" என்று டிரைவர் கத்தினான்.

தெருவில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். என் பெட்டியும் பாஸ்போர்ட்டும் பாவுக்கு அந்தப் பக்கம் இருந்தன. நான் இந்தப் பக்கம் நின்றேன். கயிற்றை வாங்கிக்கொள்ள ஒருவரும் கை நீட்டவில்லை. வாங்கிக்கொள்ளுங்கள் என்று நானும் கேட்கவில்லை.