ஒன்பதாம் தேதிக் கட்டு

நான் டெஸ்பாட்ச் செக்ஷனில் புதுக் குமாஸ்தாவாகச் சேர்ந்த அன்று, பெயரைக் கேட்பதற்கு முன்பே கலியமூர்த்தி சார் மஃப்ளரை விலக்கிக் கழுத்தைக் காட்டினார். "ஓரம் பிரிஞ்சிருக்கா பாரு தம்பி." டில்லி ஜூன் வெயிலில் மஃப்ளர். உள்ளே பிளாஸ்திரி, அதற்குக் கீழே டயாலிசிஸ் குழாயின் இரண்டு முனைகள்.

சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். அது ஊசி தாங்க இன்னும் ஒரு மாதம். அதுவரை கழுத்துக் குழாயில்தான் உயிர்; மேலே ஒட்டிய கட்டு நனையவே கூடாது. வலப்பக்கம் வைத்தது கிருமியால் போனது. இது இடப்பக்கம்.

"நீ பி.எஸ்சி. படிச்ச புள்ள. கிருமி தண்ணியில இருக்குமா, காத்துலயா?"

எங்கள் ஊரில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான். இரண்டிலும் என்றேன், பெருமையாக.

"அப்ப மூச்சும் விடப்படாதா?"

செவ்வாய், வெள்ளி ஆஸ்பத்திரிக்கு நான்தான் உடன் போவேன். மலையாளத்து நர்ஸிடம், "கை கழுவுனியாம்மா?" என்பார். "கழுகியாச்சு சாரே." "நான் பாக்கலியே. இன்னொருக்கா." ஒட்டுமுன் பிளாஸ்திரியில் தேதி எழுதிச் சுருக்கொப்பம் இடுவார், தபாலில் இடுவதைப்போல. அந்தப் பேனாவை யாருக்கும் தரமாட்டார். முன்தேதி போடச் சொன்ன அதிகாரியிடமே, "அச்சா சாப், லிக் கே தீஜியே" என்று எழுதிக் கொடுக்கச் சொன்னவர்.

போன செவ்வாய் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்கு அவரை அழைக்கப் போனேன். பிளாஸ்திரியில் வெள்ளிக்கிழமையின் ஒன்பதாம் தேதி. ஆனால் ஓரத்தில் நான்கு நாள் புழுதி இல்லை, புதிதாக ஒட்டியதுபோல் இருந்தது. முந்தினநாள் கிருத்திகை, தலைக்குக் குளிக்காமல் மலை மந்திர் முருகன் கோயில் படி ஏறாதவர். கட்டை மாற்றினாரா என்று கேட்காமல் ஆட்டோ பிடித்தேன்.

மெஷின் ஓடி அரைமணியில் குளிர் கண்டது. கட்டிலே ஆடியது.

"பானி லகா க்யா?" என்றார் டாக்டர், தண்ணீர் பட்டதா என்று.

"நஹி சாப்." பிளாஸ்திரித் தேதியைத் தொட்டுக் காட்டினார்.

"சார்," என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டார். பிறகு சட்டைப்பையைத் தடவிப் பேனாவை என்னிடம் நீட்டினார். "அடிச்சுட்டுப் பன்னெண்டுன்னு போடு தம்பி. நனைஞ்சுபோச்சு. நாந்தான் மாத்தி ஒட்டுனேன்."

நர்ஸ் அதை டாக்டருக்கு இந்தியில் சொன்னாள்.

இன்று வார்டில் ஐந்தாம் நாள். ரத்தத்தில் கிருமி. கழுத்துக் குழாயை எடுத்துவிட்டுத் தொடையில் வேறு வைத்திருக்கிறார்கள். காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கவில்லை. ஒட்டாத பிளாஸ்திரித் துண்டை என் பக்கம் நகர்த்தினார்.

"தேதிய நீ போடு."