மறக்கறதுக்கு முன்னாடி

“மறக்கறதுக்கு முன்னாடியே ஏன் எடுத்துக் குடுக்கறே? மறந்தப்புறம் குடு. அதுக்குத்தானே உன்னை அங்க உக்கார வச்சிருக்கு?”

பூதேப் சான்யால் மேடையைவிட்டு இறங்கிய ஒவ்வொரு மாலையும் இதைச் சொன்னார். ஒட்டு மீசையை உரித்துக்கொண்டே சொல்வார். முகச்சாயத்தைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டே சொல்வார். நோனாஜல் நாடகக் குழுவில் புதிதாகச் சேருகிறவர்கள் வசனத்தைப் பாடம் செய்வதற்கு முன்னால் இந்தப் புகாரைப் பாடம் செய்துவிடுவார்கள். தோர்ஷா ஹால்தார் சேர்ந்த மூன்றாம் நாளே அதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். கார்ட்டூன் படங்களுக்குக் குரல் கொடுப்பது அவள் பிழைப்பு. ஒரே காலையில் நரியாகவும் ஆமையாகவும் நரியின் மாமியாராகவும் பேசிவிட்டு ஒத்திகைக்கு வருகிறவள். எல்லோரும் பொரியைச் சிந்திக்கொண்டு சிரித்தார்கள். குழுவில் எல்லோரும் பூதேப்தா, அதாவது பூதேப் அண்ணா, என்று கூப்பிடும் அவர் மட்டும் வாசலில் நின்றபடி சிரிக்காமல் கேட்டார்.

“என் தொண்டையில இவ்வளவு சளி கிடையாது, மைனா,” என்றார். அன்றிலிருந்து அவளுக்கு மைனா என்று பெயராகிவிட்டது.

அந்தப் புகாருக்கு ஆளானவர் அவர் மனைவி மிருண்மயி. மேடையின் இடப்பக்கத் திரைக்குப் பின்னால், மோடா என்கிற குட்டை மூங்கில் இருக்கையில் உட்கார்ந்து, நடிகர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுக்கிறவர். வாயில் ஒரு கிராம்பு எப்போதும் இருக்கும். மடியில் நாடகப் பிரதி விரிந்திருக்கும், ஆனால் அதைப் பார்க்க மாட்டார். புகாரைக் கேட்டதும் கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, “நீங்க மறக்கப் போறீங்கன்னு உங்களுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சுடுது, நான் என்ன பண்ண?” என்பார். அத்தோடு அன்றைய சண்டை முடியும்.

பூதேப்தாவுக்கு மறதி வரும் என்று அவரைப் பார்த்தவர் யாரும் நம்ப மாட்டார்கள். அகதிகள் காலனியில் ஓலைக்கூரையின் கீழ் பிறந்து, பத்து வயதில் கீர்த்தனை கோஷ்டியோடு தெருத்தெருவாகப் பாடி, பதினாறில் தொழிற்சாலை வாசல்களில் நின்று நடித்த ஆள். பகலெல்லாம் தபால் அலுவலகத்தில் கடிதம் பிரிக்கும் வேலை. கல்கத்தாவின் எந்தச் சந்து எந்தச் சந்தில் போய் முட்டுகிறது என்பது விரல்நுனியில் இருந்தது. மாலை ஆறரைக்கு சேத்லாவில் ஒரு பழைய அச்சகத்தின் மாடியில் ஒத்திகை. குழுவைத் தொடங்கியது அவர், இயக்கம் அவர், முக்கிய வேடம் அவர். பாட்டுக்கு மெட்டுப் போடுவதும் அவர்தான். ஒரு கட்டை சதா முனகும் ஹார்மோனியத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு மல்லாந்து படுத்துத்தான் மெட்டுப் போடுவார். பாட்டு பிடிபடாத நாளில் அந்த முனகலைக் காட்டி, “பாரு, இதுக்கும் என் மேல புகார்,” என்பார்.

குழுவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த நாடகம் ‘உப்பு விளக்கு’. ஆற்றின் முகத்துவாரத்தில் தனியாக இருக்கும் கலங்கரை விளக்கக் காவலன் ஈஷானின் கதை. ஈஷானாக பூதேப்தா. முதல் இரண்டு மேடைகளில் ஈஷானின் மகளாக நடித்தது மிருண்மயிதான்.

மூன்றாவது மேடையில் பூதேப்தா மறந்தார். வாழ்க்கையில் முதல் தடவை. வாய் திறந்தபடி இருந்தது, வார்த்தை வரவில்லை. அரங்கில் இருமலெல்லாம் நின்றுபோனது. எதிரில் நின்ற மிருண்மயி பதறவில்லை. அவருடைய வசனத்தைத் தன் கேள்வியாக மாற்றி, “விளக்கை ஏத்தறவன் கப்பலைப் பார்க்கறதில்லைன்னு சொல்வியே அப்பா, அது நிஜந்தானா?” என்று கேட்டார். அரங்கம் கை தட்டியது. மறுநாள் ஒரு பத்திரிகை அந்த இடத்தையே தனியாகப் புகழ்ந்து எழுதியது. நடிப்பு என்றால் இது என்று எழுதி, பெயரும் போட்டிருந்தது. மிருண்மயியின் பெயர்.

அடுத்த வாரம் மகள் வேடத்துக்கு வேறு பெண் வந்தாள். “உனக்குத்தான் எல்லார் வசனமும் தெரியுதே, நீ இடப்பக்கம் உக்காரு,” என்றார் பூதேப்தா. மிருண்மயி உட்கார்ந்தார். இருபத்தேழு வருஷம் எழுந்திருக்கவில்லை.

இதைக்கூட யாராவது மன்னித்திருப்பார்கள். இன்னொன்றுதான் மாடியில் எல்லோருக்கும் உறுத்தியது. நாடகம் முடிந்ததும் நடிகர்கள் வரிசையாக நிற்க, பூதேப்தா ஒவ்வொரு பெயராகச் சொல்லி அறிமுகப்படுத்துவார். பெயரைக் கேட்டவர் ஓரடி முன்னால் வந்து கும்பிடுவார். ஒளியமைப்பு அனங்க மித்திர, ஒப்பனை ஹரிபத, திரை இழுப்பவர், ஹார்மோனியத்துக்கு ரிப்பேர் செய்தவர், மண்குவளையில் தேநீர் கொண்டுவரும் பாஞ்சு என்று ஒருத்தரை விடமாட்டார். வசனம் எடுத்துக் கொடுப்பவர் பெயர் மட்டும் வராது. கேட்டால், “அப்படி ஒரு ஆள் இருக்குன்னு ஜனங்களுக்குத் தெரிஞ்சா, ஈஷான் மறப்பான்னும் தெரிஞ்சுடும்,” என்பார்.

தோர்ஷா சேர்ந்த வருஷம் ஒன்றைக் கவனித்தாள். கடைசிப் பாட்டு தொடங்கும்போது மிருண்மயிதி, குழுவுக்கெல்லாம் மிருண்மயி அக்கா, செருப்பைக் கழற்றி மோடாவுக்கு அடியில் தள்ளிவிடுவார். மேடையில் யாரும் செருப்போடு கால் வைப்பதில்லை. பெயர்கள் எல்லாம் முடிந்து திரை விழுந்ததும் செருப்பை மறுபடி மாட்டிக்கொள்வார். ஒருநாள் கேட்டேவிட்டாள்.

மிருண்மயிதி கிராம்பை இந்தப் பக்கம் ஒதுக்கினார். “திடீர்னு கூப்பிட்டுட்டார்னா? செருப்பைத் தேடிக் கழட்டிட்டிருக்கவா முடியும்?” என்றார். “அவர்கிட்ட சொல்லிடாதே. எனக்காகக் கூப்பிட்ட மாதிரி ஆயிடும்.”

தோர்ஷா சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு அன்றிலிருந்து நாடகத்தின் முடிவு ஈஷானின் சாவு இல்லை. அதற்குப் பிறகு வரும் பெயர்கள்தான். ஒவ்வொரு வாரமும் காது கூர்மையாகும். ஒவ்வொரு வாரமும் பாஞ்சுவோடு பெயர்கள் முடிந்துபோகும்.

மாக மாதக் குளிரில், ஒரு வியாழன் காலை, பயத்தம்பருப்பு வறுத்துக்கொண்டிருந்த மிருண்மயிதி அடுப்படியிலேயே சாய்ந்தார். மருத்துவர் வருவதற்குள் முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நாடகம் இருந்தது. நிறுத்திவிடலாம் என்று குழு முழுக்கச் சொன்னது. பூதேப்தா கேட்கவில்லை. துக்கம் காக்கிறவர் முறைப்படி தைக்காத வெள்ளைத்துணி உடுத்தி, கம்பளி ஆசனத்தைக் கக்கத்தில் இடுக்கி, சவரம் செய்யாத முகத்தோடு வந்தார். அந்தத் துணியின் மேலேயே ஈஷானின் கோட்டைப் போட்டுக்கொண்டார். நாடகம் தொடங்கும் மூன்றாவது மணி அடித்தது. இடப்பக்கம் மோடா காலியாக இருந்தது. அதில் உட்கார ஒருவருக்கும் மனசு வரவில்லை.

இரண்டரை மணி நேரம் ஒரு சொல் பிசகவில்லை. திரை விழுந்ததும் நேராக இடப்பக்கம் வந்தார். மோடாவைப் பார்த்து, வழக்கமான அந்த அலுப்புக் குரலில், “இன்னிக்கும் முந்திக்கிட்டே,” என்றார்.

பாஞ்சுவின் கையில் இருந்த மண்குவளை கீழே விழுந்து உடைந்தது. பூதேப்தா மீசையை உரிக்கப் போய்விட்டார்.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் புகார் நிற்கவே இல்லை. மோடாவை நகர்த்தவும் விடவில்லை. புதிதாக வந்த ஆளை வலப்பக்கம் உட்காரவைத்தார்கள். அந்தப் பையன் எடுத்துக் கொடுப்பது எதுவும் பூதேப்தா காதில் ஏறாது. அனங்கதா அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார். இருபத்தேழு வருஷம் ஒரே பக்கம் சாய்ந்த காது, அது திரும்பாது, அவ்வளவுதான் என்பார். சொல்லிவிட்டு, இடப்பக்கம் விழும் விளக்கை ஒரு புள்ளி கூட்டி வைப்பார்.

பிறகு நிஜமான மறதி வந்தது. பாஞ்சுவை ஹரிபத என்று கூப்பிட்டார். ஓய்வு பெற்ற பிறகும் ஒருநாள் தபால் அலுவலகம் போய் வரிசையில் நின்றுவிட்டு வந்தார். ஒரு மாலை, மூன்றாவது மேடையில் மறந்த அதே இடத்தில், ஈஷான் நின்றுபோனான். வலப்பக்கத்துப் பையன் இரண்டு தடவை சொன்னான். பூதேப்தா இடப்பக்கம் திரும்பி, எதிர்பார்த்து நின்றார். அங்கே தன் முறைக்காகக் காத்திருந்தது மகள் வேடத்தில் இருந்த தோர்ஷா. யோசிக்க நேரமில்லை. மோடாவின் பக்கத்தில் குனிந்து, ஒரு கன்னத்தில் கிராம்பு ஒதுக்கியது போல நாக்கை மடித்து, “விளக்கை ஏத்தறவன்” என்றாள். மிருண்மயிதியின் குரல். அந்த லேசான கரகரப்பும் சேர்ந்து.

ஈஷான் தொடர்ந்தான்.

அன்று எல்லோரும் அவளை விட்டு விலகியே நடந்தார்கள். கடைசியில் அனங்கதாதான் பீடியை அணைத்துவிட்டு வந்தார். “நீ பண்ணினது பாவமா புண்ணியமான்னு எனக்குத் தெரியலை,” என்றார். “ஆனா அடுத்த வாரமும் பண்ணு.”

பண்ணினாள். முதலில் வாரத்துக்கு ஒரு தடவை, பிறகு காட்சிக்கு நாலு தடவை. நரியின் குரலும் மாமியாரின் குரலும் வேலையோடு போய்விடும். செத்தவர் குரலைத் தொண்டைக்குள் ஏற்றி இறக்குவது சட்டை மாற்றுவது போல இல்லை. வீட்டில் அம்மாவோடு பேசும்போது அந்தக் கரகரப்பு தானாக எட்டிப் பார்த்தது. கிராம்பே வாங்காத வாயில் காரம் தெரிந்தது. இவ்வளவுக்கும் பூதேப்தா ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏமாந்துவிட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மூளை இருக்கிற நிலைமையில் குரல் எதுவாயிருந்தால் என்ன என்று ஹரிபத சொன்னார்.

ஒரு மாலை தோர்ஷா மேடைமேல் இருந்தாள். மகள் அப்பாவிடம் விடைபெறும் இடம். ஈஷான் பாதி வசனத்தில் நின்றான். அவளால் இடப்பக்கம் ஓட முடியாது, அங்கே வேறு யாரும் கிடையாது. பூதேப்தா தலையை லேசாக இடப்பக்கம் சாய்த்தார். முகத்தில் அந்தப் பழைய எரிச்சல் வந்தது. மீதி வசனத்தை முழுசாகச் சொன்னார்.

இறங்கியதும் அவள் ஒவ்வொருத்தரிடமும் போய்க் கேட்டாள். இடப்பக்கம் யார் இருந்தது? ஒருத்தரும் இல்லை. கடைசியில் பூதேப்தா எதிரே போய் நின்றாள். அவர் எண்ணெய் தடவிக்கொண்டு, “ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் பழக்கம் போகலை, முந்திக்கிறா,” என்றார், ஊறுகாயில் உப்பு அதிகம் என்பது போல.

அன்று தோர்ஷா ஒரு முடிவுக்கு வந்தாள். அந்தக் குரல் இவர் தலைக்குள் இருந்து வருகிறதோ, மோடாவிலிருந்து வருகிறதோ, காத்திருப்பது ஒரு பெயருக்காக. அந்தப் பெயரை இவர் வாயால் சொல்ல வேண்டும். இவருக்கு அந்தப் பெயரே மறந்துபோவதற்கு முன்னால்.

நாள் அதிகம் இல்லை. மருத்துவர் மேடை வேண்டாம் என்றுவிட்டார். பௌஷ மாதக் குளிரில் ஒரு ஞாயிறு மதியம் மூன்று மணிக்குக் கடைசி ‘உப்பு விளக்கு’ என்று அறிவித்தார்கள். ஆயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டாவது மேடை. தோர்ஷா ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். இந்தத் தடவை எல்லார் பெயரும் சொல்லிடுங்க என்றாள். எப்பவும் எல்லார் பெயரும்தானே சொல்றேன் என்றார் அவர். பெயர்களை ஒரு தாளில் எழுதி, கடைசியில் அந்தப் பெயரையும் எழுதிக் கொடுத்தாள். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஈஷான் தாள் பார்த்துப் படிக்க மாட்டானாம்.

அரங்கம் நிறைந்திருந்தது. படியிலும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் எட்டு தடவை எடுத்துக் கொடுத்தாள். ஈஷான் விளக்கை ஏற்றினான், செத்தான், கடைசிப் பாட்டு தொடங்கியது. பூதேப்தாவே ஹார்மோனியம் வாசித்தார். முனகும் கட்டையும் கூடவே பாடியது.

பிறகு பெயர்கள். ஒன்றுகூடத் தவறவில்லை. ஹரிபதவைத்தான் ஹரிபத என்று கூப்பிட்டார். தோர்ஷாவை “எங்க மைனா” என்றார், அவள் கும்பிட்டுவிட்டு, வரிசையிலிருந்து நழுவி இடப்பக்கம் போய் மோடாவின் அருகில் நின்றாள். அனங்க மித்திர. திரை இழுப்பவர். ஹார்மோனியக்காரர். பாஞ்சு.

வழக்கமாக அதோடு கைகூப்புவார். கை பாதியில் நின்றது. திரை இழுப்பவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். தோர்ஷா நாக்கை மடித்தாள். இருபத்தேழு வருஷத்தையும் சேர்த்து, மிருண்மயிதியின் குரலில் மெதுவாகச் சொன்னாள்.

“ஒரு பேர் பாக்கி.”

முன்வரிசைக்குக் கேட்டிருக்கும். கேட்டவர்கள் இடப்பக்கம் திரும்பினார்கள். பூதேப்தாவும் திரும்பினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கு ஓர் அடி பின்னால், தரையைப் பார்த்தார்.

அதற்கப்புறம் பதினெட்டு நாள்தான் உயிரோடு இருந்தார். மருத்துவமனையில் கேட்டவர்களுக்குத் தலையசைத்ததோடு சரி, ஒரு வாக்கியம் பேசவில்லை. அதனால் அவர் கடைசியாகப் பேசியது, நிறைந்த அரங்கத்துக்கு முன்னால், அந்த அலுப்புக் குரலில் பேசியதுதான்.

“எனக்கு மறக்கலை, மைனா. குரல் என்னவோ அச்சு அசல் அவதான், ஆனா நீ எப்பவும் நான் தடுமாறினப்புறம்தான் எடுத்துக் குடுக்கறே, அதுலயே எனக்கு முதல் நாளே தெரிஞ்சுபோச்சு. அவ முன்னாடியே குடுப்பா, இப்பவும் குடுத்துட்டா, உனக்கு முன்னாடி. ரெண்டு பேரும் சேர்ந்து பேசினா நான் யாரைக் கேக்கறது? வசனம் எடுத்துக் குடுத்தது மிருண்மயி சான்யால், இடப்பக்கம், இருபத்தேழு வருஷம். செருப்பைக் கழட்டிட்டு நிக்கறா பாரு, கொஞ்சம் தள்ளி நின்னு வழி விடு.”