காலி மெஷினில் வந்த கட்டங்கள்

2006-ல் நடந்தது இது. அப்போது பம்மலில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை செய்துகொண்டிருந்தேன். நான் பத்தாவது ஃபெயில். கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்ததெல்லாம் என் அண்ணன் சொல்லிக்கொடுத்ததுதான்.

அவன், சாஃப்ட்வேர் செய்து இலவசமாகக் கொடுக்கிற ஓர் ஓபன் சோர்ஸ் குழுவில் இருந்தான். யாருக்கும் சம்பளம் கிடையாது, ஆர்வத்தில் செய்கிறவர்கள்தான். தமிழில் டைப் அடிக்க ஒரு பேக்கேஜ் செய்து அனுப்பியிருந்தான். குழுவில் இன்னொருவர் போட்டுப் பார்த்து ஓகே சொன்னால்தான் அது எல்லோருக்கும் போகும். நாலு மாதமாக ஒருவரும் பதில் போடவில்லை. அதற்குள் மஞ்சள் காமாலையில் அண்ணன் போய்விட்டான்.

காரியம் முடிந்த வாரம் அவன் மெயிலுக்குப் பதில் வந்தது. புதிதாக சிஸ்டம் போட்ட காலி மெஷினில் ஓட்டிப் பார்த்தீர்களா, இரண்டு வாரத்துக்குள் சொல்லாவிட்டால் பேக்கேஜை லிஸ்டிலிருந்து எடுத்துவிடுவோம் என்று இருந்தது. அவன் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். அவனுடைய கம்ப்யூட்டரிலேயே ஓட்டினேன். ஓடியது. காலி மெஷினில் பார்த்துவிட்டேன் என்று அவன் பெயரிலேயே பொய் எழுதி அனுப்பினேன். அதோடு அவன் பெயரும் போய்விடக் கூடாது, அது ஒன்றுதான் மனதில் இருந்தது.

மறுநாளே பதில். 'எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வருகிறது. நிஜமாகப் பார்த்தீர்களா?' அழுதுகொண்டே நடந்ததை எழுதி, சென்டர் விலாசத்தையும் கொடுத்தேன்.

சனிக்கிழமை, பதில் எழுதியவரே வந்துவிட்டார். கீழ்க்கட்டளையில் இருக்கிற ஓர் அக்கா, என்னைவிட நாலைந்து வயதுதான் பெரியவர்.

"நீ சொன்னத வச்சு ஓகே பண்ண முடியாதும்மா. ஒரு மெஷின் குடு, அழிச்சுட்டு புதுசா சிஸ்டம் போட்டு ரெண்டு பேருமே பாக்கலாம்."

ஓனர் முனகினார். "ஓடிகினு கீற மெஷின அழிச்சிட்டா, கஸ்டமருக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"ஒரு மணி நேரந்தாண்ணா" என்று கெஞ்சி வாங்கினேன்.

காலி மெஷினில் எனக்கும் கட்டங்களே வந்தன. தமிழ் ஃபான்ட்டை அண்ணன் தன் கம்ப்யூட்டரில் எப்போதோ போட்டு வைத்திருந்தான். பேக்கேஜில் அதைச் சேர்க்க மறந்திருக்கிறான். அக்கா சேர்த்துவிட்டு மறுபடி ஓட்டினார். எழுத்து வந்தது. செய்தவர் என்ற இடத்தில் அவன் பெயரை அப்படியே விட்டார்.

அப்போது கேட்டுவிட்டேன். "நாலு மாசமா ஏங்க்கா யாருமே பாக்கல?"

"வேற யாராச்சும் பாப்பாங்கன்னு எல்லாரும் வுட்டுட்டோம்மா. நானுந்தான்."

"எனக்கு புரோகிராம் எழுத வராதுக்கா. காலி மெஷின்ல போட்டு, ஓடுதா ஓடலையான்னு சொல்லவா?"

"அதுக்குத்தான் ஆளே இல்ல" என்றார்.

அடுத்த வாரத்திலிருந்து, குழுவுக்கு எந்தப் பேக்கேஜ் வந்தாலும் அன்றைக்கே 'கிடைத்தது, பார்க்கிறேன்' என்று ஒரு வரி போட்டுவிட்டு, காலி மெஷினில் ஓட்டிப் பார்த்து எழுதினேன். பிறகு குழுவில் மற்றவர்களும் அப்படியே செய்ய ஆரம்பித்தார்கள்.

பதில் போய்ச் சேருவதற்குள் ஒருவர் இல்லாமலே போய்விடலாம் என்று எனக்குத் தெரியும். அதனால் இன்றைக்குப் பார்க்க முடிந்ததை இன்றுவரை நான் நாளைக்கு வைப்பதில்லை.