சின்னம்மாவுக்கு எடுத்த பாவாடை

எங்கள் வீட்டில் கல்யாணம் என்றால் முதல் துணி கல்யாணப் பெண்ணுக்கு எடுக்கமாட்டார்கள். செத்தவளுக்கு எடுப்பார்கள். பூவாடைக்காரி படையல் என்று பேர். கல்யாணமாகாமல் போனவள் என்றால் பாவாடை தாவணி, சுமங்கலியாகப் போனவள் என்றால் புடவை. அதை வைத்துக் கும்பிட்டு, அவளைக் கூப்பிட்டு அழுதுவிட்டுத்தான் மற்றது எல்லாம். எங்களுக்கு வாய்த்தவள் அம்மாவின் தங்கை, என் சின்னம்மா. சின்ன வயதில் திருவந்திபுரத்துக் கெடில ஆற்றில் குளிக்கப் போய் வெள்ளத்தோடு போனவள். அம்மாவுக்குக் கூடப் பிறந்த ஆண்கள் இல்லாததால் அந்தப் படையல் அம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது.

படைத்த துணியை வீட்டுப் பெண் ஒருத்தி உடுத்த வேண்டும். அக்கா கல்யாணத்தில் அது என் தலையில் விழுந்தது. செத்தவள் துணியைப் போடமாட்டேன் என்று அழுதேன். அம்மா முதுகில் ஒன்று வைத்துவிட்டு, "போடலன்னா சின்னம்மா ராத்திரி வந்து கேப்பா" என்றாள். பல வருஷம் அந்தப் பயத்தோடு படுத்தேன். இது ஒன்றுக்கே அம்மாவை மன்னிக்கக் கூடாது.

என் மகள் கல்யாணத்துக்குப் படையல் வந்தது. அதற்கு முதல் நாள், செம்மண்டலத்து வீட்டில் நானும் அம்மாவும் வேலையாக இருந்தபோது அம்மாவின் செல்போன் அடித்தது. திரையில் 'கேஸ்காரர்' என்று இருந்தது. சிலிண்டர் சொல்லிவிடலாம் என்று எடுத்தேன்.

"பெரிம்மா, அம்மா மௌத்தாயிட்டாங்க" என்றது ஒரு பெண் குரல். "சாயங்காலம் அஸர் தொழுகைக்கு எடுக்குறோம். சிதம்பரத்துக்கு வந்து மொகத்தப் பாத்துட்டுப் போயிடுங்க." நான் யாரென்று சொல்வதற்குள் அழுகை.

அம்மாவிடம் சொன்னேன். பாவாடை ஓரத்தில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு மறுபடி தடவ ஆரம்பித்தாள். நான் விடவில்லை, கதவைச் சாத்திவிட்டு, "பெரிம்மான்னு கூப்புட ஒனக்கு யாரு இருக்கா?" என்று கேட்டேன்.

"ஆத்துல போவல. சிதம்பரத்துல ஜவுளிக் கட வச்சிருந்த பாயோட போயிட்டா. அப்பா தலமுழுகிட்டாரு. ஊருக்கு என்னன்னு சொல்றது? செத்துட்டான்னு சொன்னோம். செத்தவன்னா படைக்கணும்ல, படைச்சோம்."

"அப்புறம் ஃபோன் எதுக்கு?"

"கூடப் பொறந்தவ பேசுனா, வச்சிடச் சொல்றியா?"

"அப்ப கெளம்பு. கார் இருக்கு. மொகத்தப் பாத்துட்டு வந்துடலாம்."

"கல்யாண வூட்ட வச்சிக்கிட்டு எழவு வூட்டுக்கு நான் வரமாட்டேன். சம்மந்தி வூட்டுக்குத் தெரிஞ்சா ஒம் பொண்ணு கதி?"

தன் பொய்யைக் காப்பாற்ற என் மகளை இழுக்கிறாள். அதே நம்பரைக் கூப்பிட்டு வழி கேட்டுக்கொண்டேன். தனியாகக் கிளம்பினேன்.

சிதம்பரத்தில் ஒரு சந்துக்குள் வீடு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள். போன் செய்தவளை எனக்கு யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. அம்மாவின் மூக்கு, அம்மாவின் நெற்றி. என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "பெரிம்மா வரல?" என்றாள். பெரிம்மாவுக்காகத்தான் எடுக்காமல் வைத்திருந்தார்கள். வெள்ளைத் துணியை விலக்கி முகத்தை மட்டும் காட்டினார்கள். நான் சின்ன வயது முழுக்கப் பயந்த பேய் அதுதான். பல் கொஞ்சம் எடுப்பான, சாதுவான ஒரு அம்மாள்.

"போன வாரம்கூட, இந்தத் தடவ எனக்கு என்ன கலர் பாவாடைன்னு அம்மா கேட்டாங்க" என்றாள் சின்னம்மாவின் மகள். "பெரிம்மா பச்சைன்னாங்க. எனக்குப் பச்ச ஆவாதுன்னு தெரிஞ்சே எடுத்திருக்கான்னு சொல்லிச் சிரிச்சாங்க." அவள் சிரிக்கவில்லை. "இனிமே நாங்க ஃபோன் பண்ணமாட்டோம்னு சொல்லிடுங்க."

வீட்டுக்குள் நுழைந்ததும், "மொகம் எப்பிடி இருந்துச்சி?" என்று அம்மா கேட்டாள். நான் சொல்லவில்லை. தெரிய வேண்டுமென்றால் வந்திருக்க வேண்டும். "நாளைக்கும் பாவாடதானா? பேரப்புள்ள எடுத்தவளுக்கு?" என்றேன்.

"நமக்கு அவ கன்னிதான்" என்றாள்.

மறுநாள் சொந்தம் எல்லாம் கூடியிருக்க, பச்சைப் பாவாடையைக் கலசத்தின் முன்னால் வைத்துச் சின்னம்மாவைக் கூப்பிட்டபோது அம்மா தரையில் விழுந்து அழுதாள். மற்ற படையல்களில் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொள்வதோடு சரி, இப்படி அழுது நான் பார்த்ததே இல்லை. இத்தனை வருஷம் ஆகியும் தங்கச்சியை மறக்கவில்லை பார் என்று பெண்கள் உருகிப்போனார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழ வேண்டிய இடத்துக்கு வராமல், மெச்சுகிற இடத்தில் உட்கார்ந்து அழுகிறாள்.

அழுது முடித்துப் பாவாடையை எடுத்து என் மகளிடம் நீட்டினாள். நான் குறுக்கே போய் நின்றேன். "எம் பொண்ணு வாங்கமாட்டா."

"அப்ப யாருக்குக் குடுக்குறது?"

"சிதம்பரத்துல ஒரு பொண்ணு இருக்கா. கொண்டுபோயி அவளுக்குக் குடு."

"சிதம்பரத்துல யாரு?" என்று அப்பாவின் தங்கை அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்.

அம்மா முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

"யாருமில்ல" என்றாள்.