சீனி இன்னும் சாப்பிடல

டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை அறைகளில் கடைசிக் காம்பராவில் இருக்கும் மேர்வினுக்கு ஐம்பத்திரண்டு வயது. கொழுந்து அரைக்கும் ஃபெக்டரியில் வேலை. மனைவி ஷிராணி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் ஆறு வருடம். கிளம்பிய அன்று ஒரு நாய்க்குட்டியை அவர் கையில் வைத்து, "நான் வாரவரைக்கும் சீனியப் பாத்துக்கங்க" என்றாள். மேர்வினை யார் பார்த்துக்கொள்வது என்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் ஐந்து நிமிடம் பேசுவாள். அதில் மூன்று நிமிடம் நாய்க்கு.

இந்த மாதம் லீவு கிடைக்கும்போல என்று அவள் சொன்னதுதான் தாமதம், மேர்வின் காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடித்தார். செவ்வாய்க்கிழமை காலை கக்கூஸ் தேய்க்கக் கிளம்பினார். பிரஷ்ஷை முக்கியெடுக்கத் தோதாக, திராவகத்தை ஒரு தயிர்ச்சட்டியில் ஊற்றி வாசலில் வைத்தார். தயிர் தின்று முடித்த மண்சட்டியை லயத்தில் யார் வீசுகிறார்கள்? பூச்செடிக்கு ஒன்று, கோழிக்கு ஒன்று, நாய்க்கு ஒன்று. அவர் தண்ணீர் பிடித்துத் திரும்புவதற்குள், சீனி தன் சட்டி என்று நினைத்து நக்கிவிட்டது.

வாயெல்லாம் நுரை. முன்னங்காலால் மூஞ்சியைத் தேய்த்துத் தேய்த்து முனகியது.

அடுத்த காம்பரா நாகலெட்சுமி ஒரு செம்பு உப்புத்தண்ணீரோடு ஓடிவந்தாள். ஷிராணி இனி வரமாட்டாள் என்று, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் சொல்லிக்கொண்டு திரிகிறவளும் இவள்தான். லயத்தில் யார் புல் சாக அடிக்கும் மருந்தைக் குடித்தாலும் முதல் வைத்தியம் இந்த உப்புத்தண்ணீர்.

"வாயத் தெறங்கண்ணே, ஊத்துனா எல்லாத்தையும் கக்கிரும்."

"என் வாயவா?"

"நாய் வாயண்ணே! ஒங்க வாய் எப்ப மூடியிருந்துச்சு?"

மேர்வின் போனைத் தேடிப் பிடித்தார். ஷிராணிக்கு வீடியோ கோல் எடுத்தார். வேலை நேரத்தில் போனைத் தொடக் கூடாது என்பது அந்தக் குவைத் வீட்டுச் சட்டம். தொட்டுவிட்டாள். நாய் திராவகத்தை நக்கியதையும் செம்பையும் சொன்னார்.

"ஐயோ, உப்புத்தண்ணி ஊத்தாதீங்க! உள்ள போறப்ப சுட்டது வெளிய வாரப்பவும் சுடும். இங்க போத்தல்லயே எழுதியிருக்கு. வாயமட்டும் நல்ல தண்ணியால அலசுங்க. அந்தப் போத்தலையும் எடுத்துக்கிட்டு மிருக டொக்டர்கிட்ட ஓடுங்க மனுசா!"

அடுத்தவர் கக்கூஸை ஆறு வருடமாகக் கழுவுகிறவளுக்குத் தெரியாததா? செம்பை வாசலில் கவிழ்த்துவிட்டு, லயத்துப் பையன் கிஷாந்த்தின் ஆட்டோவில் ஹட்டன் டவுனுக்கு ஓடினார்கள். நாகலெட்சுமியும் ஏறிக்கொண்டாள், விசயம் அவளை விட்டு நடந்துவிடக் கூடாதே.

டொக்டர் போத்தலைப் பார்த்தார், ஊசி போட்டார். "கக்க வைக்காதது நல்லதாப் போச்சு. நாக்கும் வாயும்தான் வெந்திருக்கு. ரெண்டு நாளைக்குக் கஞ்சி குடுங்க."

அன்று இரவும் ஷிராணி எடுத்தாள். சீனி பழையபடி சாப்பிடும்வரை தினமும் எடுப்பதாகச் சொல்லி, புதன்கிழமையும் எடுத்தாள். அரை மணி நேரம் ஒரே ஏச்சு. மேர்வின் போனைக் காதோடு அழுத்திப் பிடித்து, ஒரு சொல் கீழே விழாமல் கேட்டார். கடைசியில் அவள் குரல் இறங்கியது.

"லீவு இல்லையாம்ங்க. அடுத்த வருசம் பாப்பமாம்."

புதுச் சுண்ணாம்பு வாசம் காம்பராவில் இன்னும் போகவில்லை.

வியாழக்கிழமை சீனி கஞ்சியைக் குடித்துவிட்டு, அவர் தட்டில் இருந்த ரொட்டியையும் தூக்கிக்கொண்டு ஓடியது. ஷிராணி எடுத்தாள்.

"சாப்பிட்டாளா?"

"எங்க... இன்னும் இல்ல."

"காட்டுங்க பாப்பம்."

காட்டினார். அவள் குரல் கேட்டதும், வாய் நிறைய ரொட்டியோடு சீனி வாலை ஆட்டியது. ஷிராணி அந்த ரொட்டியைப் பார்த்துவிட்டாள். திரையில் அவள் கை மட்டும் கண்ணருகே போய் வந்தது.

வெள்ளி, சனி, ஞாயிறு. அதே நேரத்துக்குப் போன் அடித்தது.

"என்னாங்க, சீனி சாப்பிட்டாளா?"

"இன்னும் இல்ல ஷிராணி."

"அப்ப நாளைக்கும் எடுக்கிறேன்."