அதிகம் எழுதியவருக்கு மடிக்கணினி

கமா அக்காவுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் நூலகத்து மாடி அறையில் இருப்பாள். அங்கே ஆறு பேர் கூடி, யார் வேண்டுமானாலும் எழுதித் திருத்தக்கூடிய இணையக் கலைக்களஞ்சியத்துக்குத் தமிழில் கட்டுரை எழுதுவார்கள். கூலி கிடையாது. யார் கட்டுரையிலாவது கமா இடம் மாறியிருந்தால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. பெயர் வந்த கதை அதுதான்.

ஏழு வருஷமாகியும் ஆறு பேர் ஏழாகவில்லை.

"வெறுங்கை முழம் போடுமாம்மா? எங்கயாவது நிதி கேட்டுப் பாப்போம்" என்றார் அறுவரில் ஒருவரான பள்ளி வாத்தியார்.

கலைக்களஞ்சியத்தை நடத்தும் அமைப்புக்கு விண்ணப்பத்தை அவளே எழுதினாள். வந்தவர்களுக்குச் சிற்றுண்டி, பேருந்துச் செலவு, மூன்று மாதத்தில் அதிகக் கட்டுரை எழுதியவருக்கு ஒரு மடிக்கணினி. நிதி கிடைத்தது. அடுத்த ஞாயிறு கீழ்த்தளத்திலிருந்து நாற்காலி தூக்கி வரவேண்டியதாயிற்று.

"நாப்பத்தியொரு பேருங்க!" என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

"போச்சு, இனிமே உன்னைக் கையிலயே பிடிக்க முடியாது" என்று கணவர் சிரித்தார்.

இரண்டாம் மாதம் ஒருவர் முன்னே போனார். கணினிப் பயிற்சி மையத்தில் பாடம் நடத்துபவர். ஆங்கிலக் கட்டுரையை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டு, வந்த தமிழைப் படித்தும் பார்க்காமல் ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரு நாளில் முப்பது, நாற்பது. பாம்புக்கடி பற்றிய கட்டுரையில், கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டக் கூடாது என்பதில் 'கூடாது' காணாமல் போயிருந்தது. அவள் அந்தக் கட்டுரையையே நீக்கினாள்.

அந்த மாதக் கூட்டத்தில் அவர் வந்து நின்றார். "ஒண்ணை எடுத்தா எனக்கு ஒரு மார்க் போகுது மேடம்."

"இதைப் படிச்சு யாராவது இறுக்கிக் கட்டினா காலே போயிடும்ங்க."

"அப்ப நீங்களே திருத்திக்கோங்க. திருத்தறதுக்குத்தான் மார்க் கிடையாதே."

அவள் வாத்தியாரைப் பார்த்தாள். அவர்தான் நடுவர். "விதில எண்ணிக்கைன்னுதானேம்மா போட்டிருக்கோம்" என்றார் அவர், மேசையைப் பார்த்தபடி. விதியை எழுதியவள் அவளே. நீக்கியதைத் திரும்பப் போட்டு, விட்டுப்போன சொல்லைச் சேர்த்தாள்.

அறுநூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகளுக்கு அவர் மடிக்கணினி வாங்கினார். எல்லோரும் கைதட்டினார்கள், அவளும் தட்டினாள். நிதி கொடுத்தவர்களுக்குப் போன அறிக்கையில் 'எதிர்பார்த்ததைவிடப் பெரிய வெற்றி' என்றிருந்தது. அதில் அவள் கையெழுத்தும் உண்டு.

அடுத்த ஆண்டு நிதி வேறு மொழிகளுக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை வாத்தியாரும் அவளும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். துணி வகைகளைப் பற்றி ஏழு வருஷம் சும்மாவே எழுதிய தையல்காரருக்குப் போன் செய்தாள்.

"இந்தத் தடவை என்னம்மா தர்றாங்க?"

"ஒண்ணும் இல்லண்ணே."

"ஓ... சரி, தோது இருந்தா பாக்கறேன்."

அவர் வரவில்லை. நாலாவது மாதம் நூலகர் அந்த அறையைப் பாட்டு வகுப்புக்குக் கொடுத்துவிட்டார்.

வேலை முடிந்து வந்ததும் இப்போது வீட்டிலேயே அந்த அறுநூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகளைத் திருத்துகிறாள். ஆறு மாதத்தில் எழுபது முடிந்திருக்கிறது. அதற்குள் அதே மாதிரி இருநூறை வேறு யாரோ ஏற்றிவிட்டார்கள். பரிசு இல்லாமலே.

"யாரு படிக்கப் போறாங்க இதை?" என்றார் கணவர்.

திறந்திருந்த கட்டுரையின் முதல் வரியை மூன்று தரம் படித்தாள். அது மீனைப் பற்றியதா, படகைப் பற்றியதா என்றே விளங்கவில்லை.